மூணு வருஷ வாரண்டி

பல்பு முதலாளி அன்றைக்குக் காலையில் மனைவியைத் தண்ணீர்ச் செம்பின் மேல் சாய்த்து வைத்துவிட்டுக் காபி குடிக்க உட்கார்ந்தார்.

பதற வேண்டாம். மனைவி லேப்டாப்புக்குள் இருந்தார். லேப்டாப்பின் கீல் தளர்ந்துபோய் மூடி நிற்காமல் பின்பக்கம் சரிந்துகொண்டே இருந்தது. அதற்குத்தான் செம்பு.

"என்னங்க, எனக்கு உங்க மூஞ்சி தெரியல. ஃபேன்தான் தெரியுது," என்றார் முதலாளியம்மா, தூரத்து ஊரில் மகள் வீட்டுச் சமையலறையிலிருந்து.

"ஃபேன்ல தூசி இருக்கா பாரு."

"ஒரு வருஷத் தூசி இருக்கு."

"அப்ப நல்லாத்தான் தெரியுது."

"மெதுவாப் பேசுங்க. குழந்தை தூங்குது."

முதலாளி குரலை இறக்கினார். செம்பை ஒரு விரல் தள்ளினார். ஃபேன் போய் அவர் முகம் வந்திருக்க வேண்டும். அந்தப் பக்கத்திலிருந்து புகார் நின்றது.

போன வாரக் கதையின்போது ஊரில் இல்லாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலாளி சந்தையில் நாற்பது வருஷம் விளக்குக் கடை வைத்திருந்தவர். ஊரில் எல்லோரும் பல்பு வாங்குகிறவர்கள், இவர் ஒருத்தர்தான் விற்கிறவர் என்று சந்தைக்காரர்கள் சொல்வார்கள். கடையைக் கைமாற்றிவிட்டு, இனிமேல் நாம் இரண்டு பேரும் ஆற அமரச் சண்டை போடலாம் என்று வீட்டுக்கு வந்து உட்கார்ந்த நேரம் பார்த்து மகளுக்குக் குழந்தை பிறந்தது. முதலாளியம்மா ஒரே ஒரு பெட்டியோடு கிளம்பினார். குளிர் முடிந்ததும் வந்துவிடுகிறேன் என்றார். குளிர் சொன்ன சொல் தவறாமல் முடிந்தது. மறுபடி வந்தது. மறுபடியும் முடிந்துவிட்டது.

லேப்டாப் மகளுடையது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆசைப்பட்டு வாங்கியது. கத்தி விளிம்பு மாதிரி மெல்லிசு. ஒரு கையில் ஏந்தி இன்னொரு கையால் கதவைத் திறக்கலாம். விலையைக் கேட்ட அன்றைக்கு முதலாளி அதைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, "காசு ஏற ஏறக் கனம் குறையற சரக்கு உலகத்துலயே இது ஒண்ணுதான்" என்று தலையில் அடித்துக்கொண்டார். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனபோது அதை அப்பாவிடம் விட்டுப் போனாள் மகள். பண்டமாற்று என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து அது சாப்பாட்டு மேஜையில், எதிர் நாற்காலிக்கு முன்னால் இருந்தது. காலையில் திறந்தால் இரவுச் சாப்பாடு முடிந்துதான் அணையும். பேச்சு ரொம்பக் குறைவு. அவர் பேப்பர் படிப்பார். அந்தப் பக்கம் முதலாளியம்மா காய் நறுக்குவார். அவர் கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்தால் "வந்துட்டேன்" என்பார். "ம்" என்று திரை சொல்லும். இப்படியே ஒரு குடும்பம் நடந்துகொண்டிருந்தது.

நாள் முழுக்கச் சார்ஜில் கிடந்ததால் பேட்டரி உள்ளேயே வீங்கிவிட்டது. விரல் தடவுகிற சதுரம் பல்வலிக்காரன் கன்னம் மாதிரி புடைத்துக்கொண்டு எழும்பியது. முதலாளி யோசித்தார். வளைந்த தகரத்தை நிமிர்த்தத் தெரிந்தவர். கடையிலிருந்து கொண்டுவந்த பழைய எடைக்கல்லை அதன் மேல் தூக்கி வைத்தார். முதலாளியம்மா அதைப் பார்த்துப் போட்ட கூச்சலில் மகளுக்கு விஷயம் போனது. மகள் ஆபீஸில் உட்கார்ந்தபடியே காரியத்தை முடித்துவிட்டு, அப்பாவின் பட்டன் ஃபோனுக்கு ஒரு செய்தி அனுப்பினாள்.

"அப்பா, புது லேப்டாப் புக் பண்ணிட்டேன். பழசைவிட மெல்லிசு. பழசைக் கொடுத்துட்டுப் புதுசை வாங்கிக்கோங்க. மூணு வருஷ வாரண்டி. மூணு வருஷத்துக்கு நமக்குக் கவலையே இல்லை."

போன வாரம் அங்கேதான் நிறுத்தினோம்.

முதலாளி அதைப் பல தடவை படித்துவிட்டார். புதுசு, மெல்லிசு எதுவும் கண்ணில் படவில்லை. மூணு வருஷம் மட்டும் பட்டது. வாங்குகிறவன் மனசு அவன் எடுக்கிற சரக்கில் தெரியாது, அது எத்தனை நாள் வரும் என்று அவன் கேட்கிற கேள்வியில்தான் தெரியும். ஒரு நாள் கூட்டத்துக்குப் பந்தல் போடுகிறவன் இருப்பதிலேயே மட்டமான பல்பைக் கேட்பான். வீடு கட்டிக் குடிபோகிறவன்தான் வருஷக் கணக்கு கேட்பான்.

அடுத்த மாசம் வீட்டுக்குத் திரும்பப் போகிற அம்மாவைப் பார்த்துப் பேச, எந்த மகளும் அப்பாவுக்கு மூணு வருஷ வாரண்டி வாங்கித் தர மாட்டாள்.

"இன்னிக்குத்தானே போறீங்க கடைக்கு?" என்றார் முதலாளியம்மா.

"போகணும்."

"போய் பேரம் பேசாதீங்க. அவ எல்லாம் கட்டிட்டா."

"பேரம் பேசாம கடைக்குள்ள போறதுக்கு நான் என்ன திருடனா?"

திரையில் முதலாளியம்மா சிரித்த மாதிரி இருந்தது. அதற்குமேல் அந்தத் திரையில் தெரியாது. முகம் இருக்கும், முகபாவம் கரைந்துவிடும்.

முதலாளி காபியை வைத்தார். "எதுக்குப் புதுசு? இன்னும் கொஞ்ச நாளைக்கு இதுவே..." என்று இழுத்தார். இழுத்து அங்கேயே விட்டார். மீதியை அவள் சொல்லட்டும். 'ஆமா, எப்படியும் நான் வந்துடுவேனே' என்று ஒரு வார்த்தை.

"அதானே," என்றார் முதலாளியம்மா. அவரும் அங்கேயே விட்டார்.

இரண்டு பேரும் காத்திருந்தார்கள். ஃபேன் சுற்றியது.

"சரி, கிளம்பறேன்," என்றார் முதலாளி.

*

கடை முழுக்கக் கண்ணாடி. உள்ளே குளிர். புது லேப்டாப்புகளை ஒவ்வொன்றாக ஒயர் போட்டு மேஜையில் கட்டி வைத்திருந்தார்கள், அவிழ்த்துவிட்டால் ஓடிவிடும் என்பது போல. முதலாளி டோக்கன் எடுத்துக்கொண்டு, மடியில் துணிப்பையோடு உட்கார்ந்தார். பைக்குள் குளியல் துண்டில் சுற்றிய லேப்டாப் இருந்தது.

அவர் முறை வந்தது. கவுண்டரில் கண்ணாடி போட்ட ஒரு பெண். கணீரென்ற குரல், ஓயாத கை. துண்டைப் பிரித்துப் பார்த்ததும் கை ஓய்ந்தது.

"சார், இது மேல எதையாவது வெச்சீங்களா?"

"கொஞ்சம் கனம் வெச்சேன்."

"எவ்வளவு கனம்?"

"அஞ்சு கிலோ."

அந்தப் பெண் உள்ளே குரல் கொடுத்தார். கையுறை போட்ட ஒருவர் வந்து லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய், தீப்பிடித்தாலும் பரவாதபடி மணல் கொட்டிய தகரத் தட்டில் இறக்கி வைத்தார். முதலாளி நாற்காலியில் எக்கி, அது எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"புதுசு ரெடியா இருக்கு சார். உங்க பொண்ணு எல்லாம் முடிச்சுட்டாங்க."

"புதுசு இருக்கட்டும். பழசுக்கு ஒரு பேட்டரி மாத்த முடியுமா?"

"முடியும். எதுக்கு சார், புதுசு கையில இருக்கும்போது?"

"மாத்தினா எத்தனை நாள் வரும்?"

"ரெண்டு மூணு வருஷம் தாராளமா வரும்."

முதலாளி முகம் சுருங்கியது. "அவ்வளவு வேண்டாம். இன்னும் கம்மியா எதுவும் இல்லையா?"

"விலையிலயா?"

"நாள்ல."

அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார்.

"ஆறு மாசம் வர்ற பேட்டரி ஒண்ணு போடுங்க," என்றார் முதலாளி. "அதுகூட வேண்டாம். மூணு மாசம் போதும். அதுக்கப்புறம் அது எக்கேடு கெட்டாலும் உங்களை வந்து கேட்க மாட்டேன்."

"மட்டமான பேட்டரி நாங்க விக்கிறதில்லை சார்."

"மட்டமா யாரு கேட்டா? நல்லதா, கொஞ்ச நாளைக்குக் கேட்கறேன்."

"அப்படி ஒண்ணு யாருமே செய்யறதில்லை."

"அப்ப சரி, புதுசையே எடுத்துக்கறேன். அதுல மூணு வருஷ வாரண்டின்னு போட்டிருக்கீங்களே, அதை ஒரு வருஷமாக் குறைங்க."

"குறைச்சா பணம் திரும்பி வராதுங்க. கூடுதல் வாரண்டி மேடம் தனியாச் சேர்த்து வாங்கியிருக்காங்க."

"பணம் யாருக்கு வேணும்? நீங்களே வெச்சுக்கோங்க. காகிதத்துல மட்டும் ஒரு வருஷம்னு எழுதிக் கொடுங்க."

பக்கத்துக் கவுண்டரில் வேலை நின்றுவிட்டது. டோக்கனோடு காத்திருந்த இரண்டு பேர் எழுந்து கிட்டே வந்தார்கள். இலவசமாக ஒரு பேரம் நடந்தால் எந்த ஊரிலும் நாலு பேர் நிற்பார்கள்.

"நானும் எத்தனையோ பேரைப் பார்த்துட்டேன் சார்," என்றார் கவுண்டர் பெண். "வாரண்டியைக் கூட்டுங்கன்னு மேஜையைத் தட்டினவங்க உண்டு. குறைச்சுக் கொடுங்கன்னு கேட்ட முதல் ஆள் நீங்கதான். எதுக்குத்தான் இதை வெச்சிருக்கீங்க? என்ன வேலை செய்வீங்க இதுல?"

"சாப்பிடுவேன்."

"என்னது?"

"எதிர்ல வெச்சுக்கிட்டுச் சாப்பிடுவேன். அவ்வளவுதான்."

வேடிக்கை பார்க்க வந்த இரண்டு பேரும் போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

கவுண்டர் பெண் குரலைத் தணித்தார். "படம் கலங்கலா வருதா, அவங்க பேசும்போது?"

"அது அப்படித்தான் வரும். நேர்லயும் அவ கொஞ்சம் பிடி கொடுக்காத ஆள்தான்."

"அந்தப் பக்கத்து கேமரா நல்லாத்தான் இருக்கும் சார். இந்த மிஷின்தான் மூச்சு வாங்குது. வாங்கும்போது படத்தோட தரத்தைக் குறைச்சுக்கும். மெமரி கூட்டலாம்னு பார்த்தா, இந்த மெல்லிசு மாடல்ல அதைப் பலகையோட சேர்த்தே ஒட்டிடறாங்க. பின்னால எதையும் சேர்க்க முடியாது. வாங்கற அன்னிக்கு என்ன இருக்கோ அதேதான் கடைசி வரைக்கும்."

"கல்யாணம் மாதிரி."

அந்தப் பெண் சிரித்துவிட்டார். "புதுசுல பாருங்க. அவங்க எதிர்லயே உட்கார்ந்த மாதிரி இருக்கும்."

மாதிரி. நாற்பது வருஷத்தில் முதலாளி 'அசல் மாதிரி' என்று ஒரு பொருளைக்கூட விற்றதில்லை.

"பழசுக்கே பேட்டரி போடுங்க," என்றார் பிடிவாதமாக.

"வரவழைக்கணும் சார். பத்து நாள் ஆகும். வீங்கின பேட்டரியோட நான் உங்களை வெளிய அனுப்ப மாட்டேன். அதுவரைக்கும் மிஷின் இங்கதான் இருக்கும்."

முதலாளிக்குக் கடைசியாக ஒரு வித்தை பாக்கி இருந்தது. பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். எழுந்தார். வேட்டைக்காரன் மாதிரி மெதுவாக, திரும்பிப் பார்க்காமல் வாசலை நோக்கி நடந்தார். சந்தையாக இருந்தால் கதவைத் தொடுவதற்குள் "முதலாளி, இருங்க, இருங்க" என்று பின்னாலிருந்து வந்திருக்கும்.

"அடுத்த டோக்கன்," என்று வந்தது.

கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்றார். பத்து நாள். பத்து நாள் எதிர் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு சாப்பிட வேண்டும். ஃபோனில் கூப்பிட்டால் "சாப்பிட்டீங்களா?", "சாப்பிட்டேன்" என்பதோடு முடிந்துபோகும். காய் நறுக்குகிற சத்தம் ஃபோனில் வராது.

திரும்பி வந்தார். அடுத்த டோக்கன்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

"சரி, கொடுங்க."

"எதை சார்?"

"மூணு வருஷத்தை."

பழசில் இருப்பதைப் புதுசுக்கு மாற்ற வேண்டும் என்று அந்தப் பெண் பேட்டரியைக் கழற்றச் சொல்லி, மின்சாரத்தில் போட்டுத் திறந்து பார்த்தார். மாற்ற ஒன்றுமே இல்லை. ஒரு படம் இல்லை, ஒரு பாட்டு இல்லை.

"காலியா இருக்கே சார்."

"நிறையத்தான் பேசினோம்," என்றார் முதலாளி. "எதுவும் தங்கல."

வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு கடையிலிருந்து எதையும் குறைக்காமல் வெளியே வந்தார். பையில் புது லேப்டாப் இருந்தது. பை காலியாக இருப்பது போலவே இருந்ததால் வழியில் இரண்டு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

*

அதே நேரம், மகள் வீட்டுச் சமையலறையில் முதலாளியம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். இரவுச் சமையலுக்கான பீன்ஸ். அதை அவர் காலையிலேயே எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். மாலை வரைக்கும் வருகிற மாதிரி நறுக்குவார். திரையில் பார்க்கிறவருக்கு, பாவம், அந்த வீட்டில் இவளுக்கு ஒரு நிமிஷம் ஓய்வில்லை என்று தோன்றும்.

இன்றைக்குத் திரை இருட்டாக இருந்தது. யாருக்காக நறுக்குவது என்று தெரியாமல் கை பழக்கத்துக்கு ஓடியது.

வீட்டில் வேறு யாரும் இல்லை. குழந்தையும் இல்லை.

குழந்தை காப்பகத்துக்குப் போக ஆரம்பித்து இரண்டு மாசம் ஆகிவிட்டது. காலையில் மகள் விட்டுவிட்டுப் போவாள், மாலையில் மாப்பிள்ளை கூட்டிக்கொண்டு வருவார். குழந்தைக் கட்டிலை மடித்துச் சுவரோரம் நிறுத்தி, மேலே பிளாஸ்டிக் உறை போட்டாகிவிட்டது. முதல் வாரமே அவரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் என்ன சொல்வார்? "அப்படியா, சரி" என்பார். 'கிளம்பி வா' என்று சொல்ல மாட்டார். ஒருமுறை, இன்னும் ஒரு மாசம் ஆகும் போலிருக்கிறது என்று சொல்லிப் பார்த்தார் முதலாளியம்மா. "இருந்துட்டே வா, எனக்கு இங்க என்ன கஷ்டம்?" என்று வந்தது பதில், கடைக்காரன் சரக்கைக் கையில் எடுத்து மறுபடி அலமாரியில் வைக்கிற மாதிரி.

கூப்பிடாத வீட்டுக்கு எப்படிப் போவது? அதனால் குழந்தை தூங்கிக்கொண்டே இருந்தது. காலையில் தூங்கியது, மதியம் தூங்கியது. இப்படித் தூங்குகிற குழந்தையை எந்த வைத்தியரிடமாவது காட்டியிருப்பார்கள். முதலாளிக்குச் சந்தேகம் வரவில்லை.

ஃபோன் அடித்தது. மகள்.

"அம்மா, லேப்டாப் கடையில அப்பா ஒரே கலாட்டாவாம். இப்பதான் கூப்பிட்டுச் சொன்னாங்க."

"பேரம் பேசினாரா? காலையிலயே சொன்னேன், பேசாதீங்கன்னு."

"விலையில இல்லம்மா. வாரண்டியைக் குறைச்சுக் கொடுங்கன்னு சண்டையாம்."

கத்தி நின்றது. "குறைக்கவா?"

"ஆமாம்மா, குறைக்க! மூணு வருஷம் வேண்டாம், மூணு மாசம் போதும்னு நின்னாராம். அப்பாவுக்கு வயசாயிடுச்சும்மா."

 விளக்குக் கடைக்காரர் வீட்டில் அத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய விஷயம் இல்லை அது. மூணு மாசம் போதும் என்றால் நாலாவது மாசம் தேவைப்படாது என்று அர்த்தம். ஒரு வருஷமாக வாயில் வராத வார்த்தையை அந்த மனுஷன் முன்பின் தெரியாத கடையில் போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

முகத்தில் தானாக ஒரு சிரிப்பு வந்தது. எழுந்து கையைக் கழுவினார். பெட்டி எங்கே வைத்தோம், பரணிலா கட்டிலுக்கு அடியிலா என்று யோசனை ஓடியது.

"அம்மா, இருக்கியா?"

"இருக்கேன், சொல்லு."

"மூணு வருஷம் எதுக்குப் போட்டேன்னு நீகூடக் கேட்டியே அன்னிக்கு." மகளின் குரல் மாறியிருந்தது. ஆபீஸில் எங்கோ மாடிப்படியில் நின்று பேசுகிற எதிரொலி. "எனக்கு மறுபடியும் நாள் தள்ளிப்போயிருக்கும்மா."

முதலாளியம்மா நனைந்த கையோடு நின்றார்.

"எனக்குப் பயமா இருக்கு. போன தடவை பட்டது உனக்கே தெரியும். நீ இல்லாம என்னால முடியாது. அப்பாவுக்கு நல்ல மிஷினா ஒண்ணு வாங்கிக் கொடுத்துட்டா, நீயும் நிம்மதியா இருப்பேன்னுதான்..."

"நான் நிம்மதியா இல்லைன்னு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. நாள் பூரா பீன்ஸ் நறுக்கறியே."

முதலாளியம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

"அப்பாகிட்ட இப்பச் சொல்லிடாதேம்மா. டாக்டர் பார்த்து உறுதியாச் சொல்லட்டும். நானே சொல்றேன். சத்தியமா?"

"சரி."

"சந்தோஷம்தானே உனக்கு?"

"என்னடி கேள்வி இது," என்றார் முதலாளியம்மா. "சந்தோஷம்தான். போ, போய் உட்காரு. படியில நிக்காதே."

ஃபோனை வைத்துவிட்டு உட்கார்ந்து, மிச்சமிருந்த பீன்ஸை ஒரே மூச்சில் நறுக்கி முடித்துவிட்டார். மாலைக்கு இன்னும் நேரம் இருந்தது.

*

வெயில் சாய்கிற நேரத்தில் முதலாளி புது லேப்டாப்பை மேஜை மேல் வைத்துத் திறந்தார். செம்பு தேவைப்படவில்லை; மூடி சொன்ன இடத்தில் நின்றது. கடைக்காரப் பெண் காட்டித் தந்த சின்னப் படத்தை விரலால் தட்டினார்.

மணி அடித்தது. திரை விரிந்தது. முதலாளி நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அவ்வளவு கிட்டத்தில் மனைவி வந்து உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, தெரியுதா?"

தெரிந்தது. எல்லாம் தெரிந்தது. வகிட்டில் புதிதாக ஏறியிருந்த நரை தெரிந்தது. மூக்குக் கண்ணாடியின் ஒரு காது உடைந்து நூல் சுற்றியிருந்தது தெரிந்தது. கழுத்து இளைத்திருந்தது. ஒரு வருஷமாகத் தினமும் இந்த முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிட்டோம் என்று நம்ப முடியவில்லை.

"கண்ணாடி உடைஞ்சு எத்தனை நாளாச்சு?"

முதலாளியம்மா சட்டென்று கையை எடுத்துக் காதை மறைத்துக்கொண்டார். "அதெல்லாமா தெரியுது?"

"தெரியுது."

"நல்ல மிஷின்தான் போங்க." கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். அப்படித் தள்ளியதில் பின்னால் இருந்த சுவர் முழுசாகத் தெரிந்தது.

சுவரோரம் எப்போதும் கலங்கலாக நின்றுகொண்டிருந்த ஒன்றை, முதலாளி இத்தனை நாளும் துணி காயப் போடுகிற சட்டம் என்று நினைத்திருந்தார். அது கட்டில். குழந்தைக் கட்டில். மடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, உறைக்குள் மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தது. உறை மேல் தூசி. எந்தச் சரக்கு ஓடுகிறது, எது கிடப்பில் போனது என்று தூசியைப் பார்த்தே சொல்கிறவர் அவர். இது நேற்று இன்று மடித்தது கிடையாது.

"குழந்தை எங்கே?"

"தூங்குது."

"எதுல?"

முதலாளியம்மா வாயைத் திறந்தார். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி, தன் பின்னால் இருப்பதைப் பார்த்தார். திரும்பி அவரைப் பார்க்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"காப்பகத்துக்குப் போகுது," என்றார். "ரெண்டு மாசமாச்சு."

"காலையிலேருந்தா?"

"சாயங்காலம் வரைக்கும்."

"அதுவரைக்கும் நீ?"

"உங்களைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பேன்."

முதலாளி மேஜையைத் தடவினார். இரண்டு வீட்டில் இரண்டு பேர், ஆளுக்கொரு மேஜையில், எதிராளிக்கு நிறைய வேலை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தொந்தரவு செய்யாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த மாதிரி ஒரு நஷ்டத்தைச் சந்தையில் யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள்.

அவர் தொழிலில் ஒன்று உண்டு. விலையை முதலில் வாய்விட்டுச் சொல்கிறவன் தோற்றான். எதிராளி சொல்லட்டும் என்று சாயங்காலம் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்து, அவர் ஜெயித்த பேரங்கள் ஏராளம். இந்தப் பேரத்திலும் அப்படித்தான் ஒரு வருஷம் இருந்தார்.

"கிளம்பி வந்துடு," என்றார்.

 நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு இன்னொரு தடவை சொன்னார். "கிளம்பி வந்துடு. எனக்கு இங்கே முடியல."

முதலாளியம்மா திரைக்குக் கிட்டே வந்தார்.

"இங்கே எனக்கு வேலை இல்லைன்னு தெரிஞ்சதும் கூப்பிடறீங்க. குழந்தை இங்கேயே இருந்திருந்தா?"

"இருந்தாலும் கூப்பிட்டிருக்கணும்."

"அப்ப ஏன் கூப்பிடல?"

"கூப்பிட்டு, நீ வரலைன்னு சொல்லிட்டா?" என்றார் முதலாளி. "அதுக்கப்புறம் தினமும் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு உன் எதிர்ல உட்கார்ந்து சாப்பிடறது?"

முதலாளியம்மா நூல் சுற்றிய கண்ணாடியைக் கழற்றினார். புடவைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைப்பது போலக் கண்ணைத் துடைத்தார். பழைய திரையாக இருந்தால் இரண்டும் ஒன்றுதான். இதில் தெளிவாகத் தெரிந்தது, அவர் துடைத்தது கண்ணாடியை அல்ல என்று. அழுதுகொண்டிருந்தார். ஆனால் அந்த அழுகையில் சந்தோஷம் எவ்வளவு, வேறென்ன எவ்வளவு என்று முதலாளியால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அத்தனை நல்ல திரையாலும் முடியவில்லை.

"என்னம்மா, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறே?"

முதலாளியம்மா ஏதோ சொல்ல வந்தார். அந்தப் பக்கம் வாசல் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. மாப்பிள்ளையின் செருப்பு, குழந்தையின் கூவல், அதற்குப் பின்னாலேயே "அம்மா" என்று மகளின் குரல். அன்றைக்குச் சீக்கிரம் வந்துவிட்டாள். முதலாளியம்மா குரல் வந்த பக்கம் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். இரண்டு பக்கமும் தலையைத் திருப்பவே ரொம்பக் கஷ்டப்பட்ட மாதிரி இருந்தது.

"யோசிச்சுச் சொல்றேங்க," என்றார்.

திரை இருண்டது. அதில் முதலாளியின் முகம் மட்டும் கறுப்பாகத் தெரிந்தது.

யோசித்துச் சொல்கிறேன். நாற்பது வருஷம் கல்லாவில் உட்கார்ந்தவருக்கு அந்த வார்த்தை புதுசில்லை. விளக்கை ஏற்றச் சொல்லி, இறக்கச் சொல்லி, எல்லா நிறத்தையும் எரியவிட்டுப் பார்த்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று படி இறங்கிப் போனவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் திரும்பி வந்தவர்கள் என்று அவருக்கு நினைவிருந்தது இரண்டே இரண்டு பேர்.

ஒருத்தர் மறந்து வைத்துவிட்டுப் போன குடையை எடுக்க வந்தவர்.

இன்னொருத்தர் எதற்காக வந்தார் என்று, விளக்கைப் போடக்கூடத் தோன்றாமல், முதலாளி யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.